சிவப்புப் பெயர்கள்: ப்ராஜெக்ட் அட்டவணையில் ஆள் மோதல் பற்றிய கேள்வி-பதில்

திட்ட வேலைகளை அட்டவணையிடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ஒரே ஆள்மீது வேலைகள் குவிவது பற்றி வாசகர்கள் கேட்டவை இவை. அப்படிக் குவிந்தால் அவர் பெயர் சிவப்பாகும். அந்த மோதலை மென்பொருளே தீர்க்கப் பார்க்கும் வசதிதான் 'லெவலிங்'.

கேள்வி: ஒருவருக்கு அன்று ஒரு மணி நேர வேலைகள் இரண்டு, மொத்தமே 2 மணி நேரம்தான். ஆனாலும் பெயர் சிவப்பாகிறது. லெவல் செய்தும் போகவில்லையே?

பதில்: இரண்டு வேலைகளும் காலை 8 மணிக்கே தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் 8 முதல் 9 வரை அவர்மேல் 200% சுமை. மீதி நாள் முழுக்கக் காலியாக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே சிவப்பு விழும். லெவலிங்கோ, நீங்கள் மாற்றாதவரை, ஒரு நாளின் மொத்தத்தைத்தான் பார்க்கும். 8 மணி நேரத்துக்குள் 2 மணி அடங்கிவிடுவதால் எதையும் நகர்த்தாது. இந்தச் சிவப்பை அப்படியே விட்டுவிடலாம். எந்த வேலையை முதலில் செய்வது என்று அவருக்கே தெரியும்.

கேள்வி: மேக்ஸ் யூனிட்ஸை (ஒருவரிடம் அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற அளவை) 200% ஆக்கினால் சிவப்பு மறைகிறது. செய்யலாமா?

பதில்: தனி ஒருவருக்குச் செய்யவே கூடாது. 200% என்றால் இரண்டு ஆள் என்று பொருள். 'வெல்டர்கள்' என்று மூன்று பேரை ஒரே வரியில் வைத்திருந்தால் 300% சரி. பெயர் சொல்லக்கூடிய ஒருவருக்கு அப்படிப் போட்டால், அவர் இரவும் பகலும் உழைப்பார் என்று எழுதிக் கையெழுத்திடுகிறீர்கள்.

கேள்வி: 'லெவல் ஆல்' அழுத்தியதும் முடிவு தேதி வெகுவாகத் தள்ளிப்போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் 'கிளியர் லெவலிங்' கொடுத்துப் பழைய நிலைக்கு வாருங்கள். லெவலிங்குக்குத் தெரிந்த வழி இரண்டுதான்: வேலையைத் தள்ளிப்போடும், இல்லையென்றால் நடுவில் பிரிக்கும். வேறொருவரிடம் கொடுக்கலாமே என்ற யோசனை அதற்கு வராது. ஆகவே அந்த யோசனையை நீங்கள் முன்கூட்டியே செய்தாக வேண்டும். மோதும் வேலைகளில் எதை இன்னொருவர் செய்ய முடியும், எது காத்திருக்கும், எதைக் கைவிட்டாலும் பரவாயில்லை? இதைச் சம்பந்தப்பட்டவரிடமே கேளுங்கள். அட்டவணையில் இல்லாத தகவல் பாதி அவரிடம்தான் இருக்கும்.

அப்புறம் முன்னுரிமை. எல்லா வேலைக்கும் தொடக்கத்தில் 500 இருக்கும். அசையவே கூடாத வேலைக்கு 1000 கொடுத்தால் லெவலிங் அதைத் தொடாது. மற்றவற்றுக்கு ஏற்றி இறக்கிக் கொடுங்கள். கூடவே லெவலிங் வரிசையை 'ப்ரையாரிட்டி, ஸ்டாண்டர்ட்' என்று மாற்றுங்கள். 'ஸ்டாண்டர்ட்' என்றே விட்டால் முன்பின் தொடர்பு, ஸ்லாக் (முடிவு தேதி தள்ளிப்போகாமல் ஒரு வேலை காத்திருக்கக்கூடிய அவகாசம்), தேதி எல்லாவற்றையும் பார்த்த பிறகே உங்கள் முன்னுரிமைக்கு வரும். எண்களை உழைத்துப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

முடிவு தேதியைத் தொடவே கூடாது என்றால், இருக்கும் ஸ்லாக்குக்குள் மட்டும் லெவல் செய்யும் தேர்வு உண்டு. அதில் சில மோதல்கள் தீராமல் மிஞ்சும். அந்த மிச்சம் ஒரு நல்ல ஆதாரம்: இந்தத் தேதிக்கு இந்த ஆட்கள் போதாது என்று மேலதிகாரியிடம் காட்டலாம். ஒரே அடியாக எல்லோரையும் லெவல் செய்யாமல், நெருக்கடி அதிகமுள்ள ஒருவரை மட்டும் செய்து, 'லெவலிங் கேண்ட்' என்ற பட்டை வரைபடப் பார்வையில் லெவலுக்கு முந்தைய, பிந்தைய நிலைகளை ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஒரு வேலைக்கு ஒருவர் தரும் நேரத்தை 100%-லிருந்து 50% ஆக்கினேன். 5 நாள், 40 மணி நேர வேலை 20 மணி நேரமாகக் குறைந்துவிட்டது!

பதில்: அந்த வேலையின் வகை 'ஃபிக்ஸ்டு டியூரேஷன்'. நாள் மாறக் கூடாது என்று சொல்லியிருப்பதால் உழைப்பை வெட்டிவிட்டது. 'ஃபிக்ஸ்டு வொர்க்' ஆக்கிவிட்டு மாற்றினால் 40 மணி அப்படியே இருக்கும், வேலை 10 நாளுக்கு நீளும்.

கேள்வி: சில வேலைகள் மட்டும் நகர மறுக்கின்றன.

பதில்: முன்னுரிமை 1000, 'மஸ்ட் ஸ்டார்ட் ஆன்' (குறித்த தேதியில் தொடங்கியே ஆக வேண்டும்), 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்' (குறித்த தேதியில் முடிந்தே ஆக வேண்டும்) கட்டுப்பாடுகள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். கையால் தேதி போட்ட வேலை என்றால், லெவலிங் அமைப்பில் அவற்றையும் சேர்க்கும் தேர்வு நீக்கப்பட்டிருக்கலாம்.

கேள்வி: ஒருவர் மூன்று ப்ராஜெக்டில் இருக்கிறார். எந்தக் கோப்பிலும் சிவப்பு இல்லை. ஆனால் அவர் திணறுகிறார்.

பதில்: ஒவ்வொரு கோப்பும் அவரை முழுதாகத் தனக்கே சொந்தம் என்று நினைக்கிறது. ஆட்களுக்கென்று ஒரு பொது ரிசோர்ஸ் பூல் கோப்பு உருவாக்கி மூன்றையும் அதனுடன் இணையுங்கள். இணைத்ததும் சிவப்பு குபீரென்று தெரியும். சரி, அதற்காகப் பூலைத் துண்டித்துவிடாதீர்கள். மூன்று மேலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அவருடைய நேரத்தில் யாருக்கு எவ்வளவு என்று பேசி முடியுங்கள்.