வீடியோவில் புரிகிற கணக்கு தேர்வில் ஏன் வருவதில்லை?

"சார், ஊர் நெல்லிக்குப்பம். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ் பரவாயில்லை. கணக்கில்தான் எந்த மாதிரித் தேர்விலும் 25க்கு 11ஐத் தாண்டவில்லை. ஷார்ட்கட் வீடியோ பார்க்காத நாளே கிடையாது. இரவில் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?"

முதலில் அந்த வீடியோக்களை ஒரு மாதம் நிறுத்துங்கள். அடுத்தவர் போடும்போது எல்லாக் கணக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். பேனா நம் கைக்கு வந்தால் முதல் வரியே ஓடாது.

ஒரு உதாரணம். 8,000 ரூபாய், 5% வட்டி, 2 ஆண்டு. கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம் என்ன? ஷார்ட்கட் தெரிந்தவர் 20 என்று உடனே சொல்லிவிடுவார். அதையே 3 ஆண்டு என்று மாற்றிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள், மீதிப் பேர் பழைய சூத்திரத்தையே போட்டுத் தவறு செய்வார்கள். வட்டிக்கு வட்டி என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு வட்டி 400. இரண்டாம் ஆண்டில் அந்த 400க்கு 5%, அதாவது 20. மூன்றாம் ஆண்டுக்குள் சேர்ந்திருக்கும் வட்டி 400, 400, 20 என மொத்தம் 820. அதற்கு 5% என்றால் 41. இருபதும் நாற்பத்தொன்றும் 61. சூத்திரமே வேண்டாம். தினமும் பில்லில் தள்ளுபடி போடுகிற உங்களுக்கு இது கைவந்த கணக்குதான்.

அடுத்தது, தப்பு நோட்டு. மாதிரித் தேர்வில் விட்ட அந்த 14 கணக்குகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதுங்கள்: முறை தெரியவில்லையா, கூட்டல் பெருக்கலில் சறுக்கலா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? என்னிடம் படித்தவர்களில் பலருக்கு மூன்றாவதுதான் அதிகம் வந்தது. 'மீதி வேலையை' எத்தனை நாளில் முடிப்பார் என்று கேட்டிருக்கும். இவர்கள் மொத்த வேலைக்கும் விடை எழுதியிருப்பார்கள். தப்பான கணக்கை மூன்று நாள் கழித்து, விடையை மூடிவைத்துவிட்டு மறுபடி போடுங்கள். வந்தால் அடித்துவிடலாம். வராவிட்டால் இன்னும் மூன்று நாள்.

முறையே தெரியாதவற்றுக்கு 6 முதல் 10 வரையிலான சமச்சீர் புத்தகங்கள் போதும். கைடுகளை அடுக்கி வாங்காதீர்கள். விழுக்காடு, விகிதம், மீ.சி.ம. மூன்றையும் முதலில் முடியுங்கள். வட்டி, காலமும் வேலையும் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. 20 வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம் பஸ்ஸிலேயே ஆகட்டும். கரும்பு லாரிக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டால் கனமும் சேர்த்துப் பார்த்துவிடலாம்!

நேரத்தையும் பாருங்கள். 200 கேள்வி, 3 மணி நேரம். ஒன்றுக்கு 54 விநாடிதான். தமிழை வேகமாக முடித்து, கணக்குக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு முறை படித்தும் வழி தெரியாத கணக்கை வட்டமிட்டுவிட்டுத் தாண்டுங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அதைப் பிடித்துத் தொங்கினால் பின்னால் இருக்கும் மூன்று சுலபமான கேள்விகள் போய்விடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், கடைசியில் எதையும் காலியாக விடாதீர்கள்.

ஞாயிறு காலை டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்திலிருந்து ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு முழுதாக எழுதிப் பாருங்கள். நாலு ஞாயிறு கழிந்ததும், தப்பு நோட்டில் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.