ஞாயிற்றுக்கிழமை ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டாம்

கேள்வி: அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம் ஒன்றில் என் பைக்கின் முன் ஃபோர்க்குக்கு (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரு குழாய்க் கால்கள்) ஆயில் சீலும் ஆயிலும் மாற்றினேன். பில் 4,200 ரூபாய். மறுநாள் முதல் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற அமுங்குகிறது; ஒரு கால் இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் தோன்றுகிறது. மூன்று முறை போனேன். ‘ரோடு சரியில்லை சார்’ என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். மேலாளர் என் மனைவியின் முன்னால் அவமானப்படுத்தினார். எங்கள் தெரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். 5 லட்சம் இழப்பீடு கேட்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மேலாளர் சிரித்ததைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து எந்த நுகர்வோர் ஆணையமும் தீர்ப்பு எழுதாது. வழக்கில் ஒரே கேள்விதான்: அந்த இரண்டு கால்களிலும் இப்போது இருப்பது சர்வீஸ் மையம் ஊற்றிய ஆயில்தான், அவர்கள் விட்ட அளவில்தான் என்று காட்ட முடியுமா? இன்று முடியும். ஞாயிற்றுக்கிழமை கழிந்தால் முடியாது.

இப்படித்தான் பலர் வருகிறார்கள், ஒரு பாட்டிலில் கறுத்த ஆயிலும் மெக்கானிக் எழுதிய துண்டுச் சீட்டுமாக. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்வி கேட்பார். அளவை எப்படிப் பார்த்தீர்கள்? ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க் காலை முழுக்க அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து அளந்தீர்களா, இல்லை தட்டில் கவிழ்த்துவிட்டுக் கண்ணால் மதிப்பிட்டீர்களா? அப்போது அங்கே எங்கள் ஆள் இருந்தாரா? அதோடு முடிந்தது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருக்கே என்று எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது.

‘ஒரு கால் இறுக்கம்’ என்பதை மட்டும் புகாரில் எழுதிவிடாதீர்கள். சில மாடல்களில் ஸ்பிரிங் ஒரு காலிலும் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு மறு காலிலும் இருக்கும். அங்கே இரு கால்களும் வேறுபடுவதே இயல்பு. மற்ற மாடல்களிலும் இரண்டும் ஒரே அச்சில் பிணைந்திருப்பதால், வண்டியில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்து எந்தக் காலில் குறை என்று சொல்வது கடினம். ஆயில் அளவு வேறுபட்டிருக்கலாம், உள்ளே காற்று தங்கியிருக்கலாம், கால்கள் நேராக அமரும் முன்பே அச்சின் போல்ட்டை இறுக்கியிருக்கலாம். இவை மூன்றும் சர்வீஸ் மையத்தின் தவறுகள். ஆனால் குழாய் முன்பே வளைந்திருந்தால் அது உங்கள் தலையில்தான் விழும். அவர்கள் முதலில் சொல்லப்போவதும் அதுதான்.

அந்த மூன்று வருகைகளுக்கும் ஜாப் கார்டு (உங்கள் புகாரையும் செய்த வேலையையும் மையம் எழுதும் தாள்) நகல் வாங்கினீர்களா? பெரும்பாலும் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி, ‘திருப்தி’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தக் கையெழுத்தால் தோற்ற வழக்குகள் உண்டு. வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். அவற்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 63-இன் கீழ் சான்றிதழ் தேவைப்படும்.

இனி வண்டியை ஓட்டாதீர்கள். குறை தெரிந்தும் ஓட்டி விழுந்தால், விழுந்ததற்கான பழியில் உங்களுக்கும் பங்கு கேட்பார்கள்.

ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: இரண்டு கால்களையும் என் முன்னிலையில் திறக்க வேண்டும், இரு அளவுகளையும் ஜாப் கார்டில் எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும், பழைய ஆயிலை என்னிடம் தர வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாதகம். அப்போது வண்டியைத் தொடாமல் மாவட்ட ஆணையத்தில் புகாரோடு நிபுணர் ஆய்வுக்கும் மனுப் போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு, அவசரமில்லை.

ஒப்புக்கொண்டால் சமாதானமாகப் போங்கள். 4,200 ரூபாய் வேலைக்கு 5 லட்சம் கேட்டால் உங்கள் உண்மையான குறையையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், வழக்கறிஞர்களான எங்களுக்குத் தரும் கட்டணமே பில்லைத் தாண்டிவிடும். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குங்கள், புதிய சீலும் ஆயிலும் போட்டு இலவசமாகச் சரிசெய்யச் சொல்லுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை நீட்டினால், வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அதிலும் ‘இந்த ஃபோர்க் வேலை மட்டும்’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டு.