நண்பர் மிக்ஸ் செய்த பாட்டுக்கு எப்படிக் கருத்துச் சொல்வது?

கீழக்கரையில் வீட்டிலேயே இசையமைத்து மிக்ஸ் செய்யும் (குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்க்கும்) நண்பர் கருத்துக் கேட்கிறார், மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அவர் கேட்பது மெட்டைப் பற்றியா, மிக்ஸைப் பற்றியா? மெட்டே முடிவாகாதபோது ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம், ஹெட்போனிலும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) வராது. அதில் மட்டும் கேட்டுவிட்டு "பேஸ் இல்லை" என்பது அநியாயம்.

"நல்லா இருக்கு", "ஏதோ குறையுது" இரண்டுமே அவருக்கு உதவாது. "1:12-ல் கீபோர்டு குரலை மூடுகிறது" என்றால் நேராக அந்த இடத்துக்குப் போவார். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண் அளவு) வரை குரல், கீபோர்டு, கிட்டார் எல்லாம் நெரியும் இடம். அங்கே கீபோர்டைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கச் சொல்லலாம். நம் கரையோர வீடுகளில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பதிவு செய்தால் கடல்காற்று மைக்கில் உறுமும். குரலுக்கு 80 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலிகளைக் குறைப்பது) போட்டால் ஓரளவு அடங்கும். ஆனால் மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி பாடுவதே மேல் என்பேன்.

பழைய மிக்ஸையும் புதியதையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். சத்தம் கூடியதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

நண்பரும் கருத்து வந்ததும் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளட்டும். பலர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே சிக்கல் உண்டு, அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவரது ரசனையாகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் பாட்டை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், கோப்பு தரம் குறையாமல் அப்படியே வரும்.