பறவைக் கோப்பையும் ராணி கதையும்

கேள்வி: புடாபெஸ்டின் பழம்பொருள் சந்தையில் ஹங்கேரியின் ஹெரெண்ட் ஆலையில் செய்த பீங்கான் கோப்பை ஒன்று வாங்கினேன். கிளையில் பறவைகள், தங்க விளிம்பு. அடியில் நீலக் கேடய முத்திரை, 'ஹெரெண்ட், ஹங்கேரி, ஹேண்ட் பெயின்டட்' என்று ஆங்கிலத்தில். 1851-இல் விக்டோரியா ராணி வாங்கிய செட்டைச் சேர்ந்தது என்று விற்றவர் சான்றிதழும் தந்தார். நம்பலாமா?

பதில்: கோப்பை ஹெரெண்டாக இருக்கலாம். ராணியை மட்டும் விட்டுவிடுங்கள்.

1851 லண்டன் கண்காட்சியில் ராணி வாங்கியது பட்டாம்பூச்சியும் பூக்களும் கொண்ட சீனப் பாணி. உங்கள் பறவைகள் ஐரோப்பிய வங்கிக் குடும்பமான ரோத்ஷீல்டின் பெயரால் அழைக்கப்படும் வேறொரு வடிவம். விற்றவருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

அதைவிடப் பெரிய சாட்சி அந்த ஆங்கிலம். 1891 முதல் அமெரிக்கா, இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்றது. அதன் பிறகே இது பீங்கான் அடியில் வழக்கமானது. 'ஹேண்ட் பெயின்டட்' இன்னும் பின்னால், 20-ஆம் நூற்றாண்டு.

சான்றிதழா? விற்பவரே எழுதி, விற்பவரே கையெழுத்துப் போட்ட தாள் அது. இந்த வியாபாரத்தில் இதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. எனக்குச் சலித்துவிட்டது. இனி எவர் தாளை நீட்டினாலும் முதலில் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு லென்ஸை வைத்துப் பறவையின் இறகையும் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு ஒட்டியது. தூரிகை இழுத்த கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து நின்றால் கைவேலை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. 1826-இல் தொடங்கிய ஹெரெண்ட் ஆலையை 1839-இல் மோர் ஃபிஷர் ஏற்றார். பிரபுக்கள் வீட்டில் இருந்த, ஜெர்மனியின் மைசன், பிரான்சின் செவ்ர் ஆலைகளின் செட்டுகளில் உடைந்ததற்கு ஈடாக அச்சு அசலாகச் செய்து கொடுத்தார். அந்தக் காலத்துப் பொருள் சிலவற்றில் அயல் ஆலைகளின் முத்திரையைப் போலவே குறி இருக்கும். வேறு சிலவற்றில் ஹெரெண்ட் என்ற பெயர் களிமண்ணிலேயே அழுத்தப்பட்டிருக்கும், நீல நிறமே இருக்காது. ஆகவே நீல முத்திரை இல்லை என்பதற்காக ஒரு பழைய கோப்பையைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். உங்களுடையது அந்த வகை அல்ல.

சரி, இனி என்ன செய்வது? தாராளமாக டீ குடியுங்கள். தங்க விளிம்பு இருப்பதால் மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள்.