கிட் பழகியாச்சு, அடுத்து மால்ட் எக்ஸ்ட்ராக்ட்: கேள்வி-பதில்

புதுச்சேரி பீர் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நம் ஊர்ப் பக்கமிருந்து பாரிஸ், மெல்பர்ன், சிங்கப்பூர் என்று போய்க் குடியேறியவர்கள், அங்கே வீட்டில் பீர் காய்ச்சும்போது சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், டின் கிட்டை விட்டு மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புப் பாகுக்கோ தூளுக்கோ, மாறுவதைப் பற்றித்தான். கிட்டில் நாலைந்து தடவையாவது செய்து பார்த்தவர்களுக்காக எழுதுகிறேன். ஈஸ்ட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை.

பிரான்ஸிலிருந்து வந்த மச்சான் ஒரு பீர் கிட் கொடுத்துவிட்டுப் போனார். இங்கேயே செய்து பார்க்கலாமா ஐயா?
- வாசகர், கடலூர் முதுநகர்

கூடாது. கடலூரில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம், முள்ளோடை தாண்டினால் புதுச்சேரியின் 1970 கலால் சட்டம். உரிமம் இல்லாமல் காய்ச்சினால் இரண்டு பக்கமும் குற்றம்தான். டின்னை மச்சானிடமே கொடுத்தனுப்புங்கள். இனி வரும் பதில்கள் எல்லாம் அனுமதி இருக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கு. அவர்களும் தங்கள் நாட்டு வரம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

கிட்டுக்கும் எக்ஸ்ட்ராக்ட்டுக்கும் வேலையில் என்ன வித்தியாசம்? எவ்வளவு வாங்க வேண்டும்?
- வாசகி, மெல்பர்ன்

கிட் டின்னில் இருப்பதும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்தான். ஆனால் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பை ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். நீங்கள் இதுவரை செய்தது, கரைத்து ஈஸ்ட் தூவியது மட்டும். ஹாப்ஸ் சேராத எக்ஸ்ட்ராக்ட் வாங்கினால் கசப்பும் மணமும் உங்கள் கைக்கு வந்துவிடும். ஹாப்ஸில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் கொதியில்தான் உருமாறிக் கசப்பாகிறது. அதற்காகத்தான் ஒரு மணி நேரக் கொதி.

20 லிட்டருக்கு 1.045 கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்து, கரைந்த சர்க்கரையால் ஏறும் அடர்த்தி) வேண்டுமென்றால் தூள் இரண்டரைக் கிலோ, பாகு என்றால் மூன்று கிலோ. 6 சதவீத ஆல்ஃபா உள்ள ஹாப்ஸ் 30 கிராம் ஒரு மணி நேரம் கொதித்தால் மிதமான கசப்பு கிடைக்கும். ருசிக்கு 20 கிராம் கடைசி 10 நிமிஷத்தில், மணத்துக்கு 20 கிராம் அடுப்பை அணைக்கும்போது. முதல் தடவைக்கு இது போதும்.

தூளைப் பொட்டலத்திலிருந்து நேராகக் கொதிக்கும் பாத்திரத்தில் கொட்டாதீர்கள். ஆவி பட்டதுமே பொட்டலத்தின் வாயில் இறுகி, கரண்டியில் கமர்கட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பாகு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். எரியும்போது ஊற்றினால் அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும், அந்தத் தீய்ந்த வாடை கடைசி வரை போகாது. மறுபடி கொதி வரும்போது பால் பொங்குகிற மாதிரி நுரை சட்டென்று எழும்பும். அந்தப் பத்து நிமிஷம் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் விலை அதிகம். ஹார்லிக்ஸோ ராகி மால்ட்டோ போடலாமா?
- வாசகர், சிங்கப்பூர்

வேண்டாம். முதலாவதில் பால் பொடி இருக்கிறது. அதன் கொழுப்பு நுரையைக் கொல்லும், பால் சர்க்கரையை பீர் ஈஸ்ட் தொடாது. ராகி மாவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதை முதலில் சர்க்கரையாக மாற்றினால்தான் ஈஸ்ட் தின்னும். அந்த வேலையை முடித்துத் தருவதற்குத்தான் எக்ஸ்ட்ராக்ட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

கிட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரை போடச் சொல்லியிருந்தது. எக்ஸ்ட்ராக்ட்டுக்கும் அதே அளவா?
- வாசகர், லியோன்

சர்க்கரை மொத்தமாகக் கரைந்து போதையாகும், வாயில் ஒன்றும் நிற்காது. கிட் பீர் தண்ணியாக இருப்பதற்கு முக்கியக் காரணமே அந்த ஒரு கிலோதான். அதன் இடத்தில் எக்ஸ்ட்ராக்ட் தூள் போடுங்கள். கிட்டிலிருந்து மாறுகிறவர்கள் முதலில் செய்யவேண்டியதும் இதுதான்: அதே டின், சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ தூள். வித்தியாசம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

போன தடவை செய்த பீர் நன்றாக வரவில்லை. என்ன காரணம்?
- வாசகர், ஊர் குறிப்பிடவில்லை

கடிதம் இவ்வளவுதான். புளித்ததா, கசந்ததா, வாயு ஏறவில்லையா? எந்த ஈஸ்ட், அறையில் எத்தனை டிகிரி, கிராவிட்டி ஆரம்பத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு? ஒன்றுமே இல்லாமல் நான் எதை வைத்துச் சொல்ல? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு தடவையும் தேதி, அளவு, வெப்பம், கிராவிட்டி நான்கையும் எழுதி வையுங்கள். அதோடு கேளுங்கள், சொல்கிறேன்.

பதினாலு நாள் ஆகிவிட்டது, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விடும் மூடிக் குழாயில்) குமிழி நின்றுவிட்டது. ஹைட்ரோமீட்டர் உடைந்துபோனதால் கிராவிட்டி பார்க்கவில்லை. நண்பர் ஒருவர் காலி ஒயின் பாட்டில்கள் தந்திருக்கிறார். அடைத்துவிடலாமா?
- வாசகர், பாரிஸ் புறநகர்

அடைக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எத்தனை தடவை எழுதினாலும் நாள் கணக்குப் பார்த்து அடைப்பவர்கள் குறையவே இல்லை. பெட்டியில் "14 நாள்" என்று அச்சடித்திருப்பதை ஈஸ்ட் படிப்பதில்லை. இரவில் அறை குளிர்ந்தால் அது பாதியில் தூங்கிவிடும், குமிழி நின்றுவிடும். பக்கெட் மூடி சரியாக உட்காராவிட்டாலும் வாயு ஓரமாகப் போய்விடும், அப்போதும் குமிழி வராது. எல்லாம் முடிந்த பிறகும் வெயில் ஏறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஆகவே குமிழியை நம்பாதீர்கள். எக்ஸ்ட்ராக்ட் பீர் 1.020 பக்கத்தில் சண்டித்தனம் பண்ணி நிற்பது சாதாரணமாக நடக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் அடைக்கிறீர்கள். பாட்டிலில் வாயு ஏறுவதற்காகப் போட்ட சர்க்கரையில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, மிச்சம் இருந்ததையும் தின்னத் தொடங்குகிறது. 1.020-லிருந்து 1.012-க்கு உள்ளேயே இறங்கினால், பாட்டில் சர்க்கரை தரும் வாயுவுக்கு மேல் இன்னும் இரண்டு மடங்குக்கும் அதிகமாக வாயு சேரும். அதைக் கண்ணாடி எப்படித் தாங்கும்?

நான்கு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பிள்ளை ஆசை ஆசையாக இருபது பாட்டில் அடைத்து, ஹீட்டர் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சத்தம், அப்புறம் வரிசையாக நாலைந்து. கதவைத் திறக்க அவன் போனான், நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். காலையில் கனமான கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்தோம். அலமாரிக் கதவின் உட்புறம், மரத்தில், விரல் கணு அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அவன் முகம் இருந்திருக்கக்கூடிய உயரம் அது. குமிழி நின்றதும் அடைத்தானாம், கிராவிட்டி பார்க்கவில்லையாம்.

ஹைட்ரோமீட்டர் ஒரு சாப்பாட்டு விலைதான். இரண்டாக வாங்கி ஒன்றை எடுத்து வையுங்கள். 20 டிகிரிக்கு ஆறவைத்துப் பாருங்கள். மூன்று நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே எண், அதுவும் 1.010-க்கும் 1.014-க்கும் நடுவில் என்றால் அடைக்கலாம். 1.020-லேயே நின்றால் பக்கெட்டை இரண்டு டிகிரி கதகதப்பான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பும்படி மெதுவாக ஆட்டிவிட்டு, ஒரு வாரம் பொறுங்கள். பாட்டில் சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம், எடை போட்டு. கரண்டிக் கணக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த ஒயின் பாட்டில்கள். சாதாரண ஒயின் பாட்டில் அழுத்தத்துக்குச் செய்ததே அல்ல, ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். பீர் பாட்டில், ஷாம்பெயின் பாட்டில், இல்லையென்றால் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில். பிளாஸ்டிக்கில் ஒரு நன்மை, அமுக்கிப் பார்த்தாலே வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

ஜூலை 14 விருந்துக்கு பீர் தயாராக வேண்டும். எப்போது காய்ச்ச வேண்டும்?
- வாசகி, துலூஸ்

மே கடைசி வாரம். பக்கெட்டில் இரண்டு வாரத்துக்கு மேல், பாட்டிலில் மூன்று வாரம், கொஞ்சம் கையிருப்பு. தேதி நெருங்கிவிட்டது என்பதற்காக முன்கூட்டி அடைக்காதீர்கள். மேலே இருக்கும் பதிலை ஒரு தடவை படியுங்கள்.

வெளிர் எக்ஸ்ட்ராக்ட் வாங்கினாலும் பீர் கறுத்துப்போகிறதே?
- வாசகர், மெல்பர்ன்

சின்னப் பாத்திரத்தில் 10 லிட்டர் மட்டும் கொதிக்கவைத்து, பிறகு தண்ணீர் சேர்க்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அவ்வளவு கெட்டியாக ஒரு மணி நேரம் கொதித்தால் நிறம் ஏறத்தான் செய்யும், கசப்பும் சரியாக இறங்காது. பாதி எக்ஸ்ட்ராக்ட்டை ஆரம்பத்திலும் மீதியைக் கடைசி 15 நிமிஷத்திலும் சேருங்கள். பழைய டின்னும் கறுக்கும், வாங்கும்போது தேதியைப் பாருங்கள்.

மருந்து வாடை, ஆஸ்பத்திரி பேண்டேஜ் வாடை அடிக்கிறது.
- வாசகர், சிங்கப்பூர்

பிளீச்சில் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை, அல்லது குழாய்த் தண்ணீரின் குளோரின். அலசல் தேவைப்படாத கிருமிநாசினிக்கு மாறுங்கள். தண்ணீருக்கு, குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை, 20 லிட்டருக்குக் கால் மாத்திரை. இவை இரண்டும் சரி என்றால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது, கீறல் விழுந்த பக்கெட்டைத் தூக்கிப்போடுங்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் 30 டிகிரி. தனி ஃபிரிட்ஜ் வாங்க வசதியில்லை. வழி உண்டா?
- வாசகர், சிங்கப்பூர்

உண்டு. நொதிக்கும்போது பக்கெட்டின் உள்ளே வெளியை விட இரண்டு மூன்று டிகிரி கூடும், அதனால் 30 என்பது உள்ளே 33. ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வேண்டும். நம் ஊரில் சித்திரை வெயிலில் பானையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவோமே, சிங்கப்பூர்க் காற்றின் ஈரத்தில் அது மட்டும் போதாது. பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி பக்கெட்டை அதற்குள் வையுங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து, காலை இரண்டு, இரவு இரண்டு என்று டப்பில் மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் நான்கு நாள் இதை விடாமல் செய்தால் போதும், அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறினாலும் பாதகமில்லை. பக்கெட்டின் மேல் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை ஒன்று வாங்கி ஒட்டி, அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.