ஏழு வயதும் பதினைந்து வயதும்: மதுரையில் எங்கே தொடங்குவது?

கேள்வி: பொங்கல் லீவில் இரண்டு நாள் மதுரை வருகிறோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 15. போன தடவை மகாலையும் கோயிலையும் ஒரே நாளில் பார்த்தோம். பெரியவள் மகாலில் போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை, சின்னவன் கோயிலில் அழுதே விட்டான். இந்தத் தடவை என்ன செய்வது?

மீனாட்சியம்மன் கோயிலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் மட்டுமே 985 தூண், எதைப் பார்ப்பது என்று பெரியவர்களுக்கே பிடிபடாது, சின்னவன் அழுததில் ஆச்சரியமில்லை.

முதல் நாள் வெயில் ஏறுவதற்குள் கீழக்குயில்குடி போய்விடுங்கள், நாகமலை புதுக்கோட்டை பக்கம். அங்குள்ள சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். அங்கேயே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பாறையில் வெட்டிய படியில் சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்பவர் யார், காலில் கொடி சுற்றியவர் யார், கண்டுபிடி" என்று சின்னவனிடம் விட்டுவிடுங்கள். அவன் கண்டுபிடித்த பிறகு பார்சுவநாதர், பாகுபலி என்று பெயர் சொன்னால் போதும், அது மறக்காது.

பெரியவளிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டாம், அதில்தான் அவளுக்கு வேலை. முந்தின நாளே வட்டெழுத்து (அந்தக் காலத்தில் தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) அட்டவணை ஒன்றை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிற்பங்களுக்குக் கீழே கல்வெட்டு இருக்கிறது, காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும், படம் எடுத்துப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. ராஜா இல்லை, தளபதி இல்லை, ஒரு அம்மாவின் பெயர். இரண்டு எழுத்து பிடிபட்டாலும் போதும், மிச்சத்தை அவளே தேடுவாள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. பாறையில் பேர் கிறுக்கியிருப்பதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் செய்வார்கள், அதைப் பற்றி அங்கேயே வைத்துப் பேசிவிடுங்கள்.

அன்று வேறெதுவும் வேண்டாம், மத்தியானம் தூங்கட்டும்.

மறுநாள் காலை திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று சின்னவன் முயற்சி செய்து பார்க்கட்டும். பெரியவளுக்கு வேறு கேள்வி: நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசிதான் என்கிறார்கள், அப்படியானால் மீதி எங்கே? திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது நிறைய. நிற்கிற பகுதியைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர். ஒரு மணி நேரம் தாராளம்.

அப்புறம் கோயில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், போனை வெளியிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஒரு யாளி, ஒரு குதிரை வீரன் என்று தேடிப் பார்த்தால் போதும், எல்லாத் தூணையும் பார்க்க வேண்டியதில்லை. சின்னவன் தூங்காமல் தாங்கினால் இரவு பள்ளியறை பூஜை வரைக்கும் இருங்கள். சுவாமி சொக்கநாதரின் (சுந்தரேசுவரரின்) பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சன்னதிக்கு எடுத்துப் போவார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் அவனுக்குத் தெரியாது.