நெஞ்சில் பெல்ட்டா, கையில் வாட்சா? ஓடுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ஓட ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172 என்று வாட்ச் காட்டுகிறது. மூச்சு வாங்கவே இல்லை, பேசிக்கொண்டேதான் ஓடுகிறேன். பயமாக இருக்கிறது.

பதில்: வாட்ச் காட்டுவது உங்கள் காலடியாக இருக்கலாம். கையில் கட்டுவது பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து, ரத்தம் வந்துபோகும்போது திரும்பும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. ஓடும்போது கை ஆடினாலும் அதே வெளிச்சம் கூடிக் குறையும், அதனால் நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறவருக்கு அதையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். 172 வந்ததும் நின்று, உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 140 பக்கம் வந்தால், வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விரலும் 172 சொன்னாலோ, தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் இருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஐயாயிரத்துக்குள் எது வாங்கலாம்?

பதில்: நடைப்பயிற்சிக்கு எதுவும் போதும். வேகத்தை ஏற்றி இறக்கி ஓடுகிறவர் நெஞ்சு பெல்ட் வாங்குங்கள், அது இதயத்தின் மின் துடிப்பையே எடுக்கிறது. ஆனால் உங்கள் வாட்ச் வெளி பெல்ட்டோடு சேருமா என்று முதலில் பாருங்கள், மலிவான பலவற்றில் அந்த வசதியே கிடையாது.

கேள்வி: புது பெல்ட் முதல் பத்து நிமிடம் 210 காட்டுகிறது. திருப்பிக் கொடுக்கவா?

பதில்: வேண்டாம். காய்ந்த பெல்ட்டை மாட்டியிருப்பீர்கள். உள்பக்கப் பட்டைகளைத் தண்ணீரில் நனைத்து மாட்டுங்கள். ஓடி முடித்ததும் நடுவில் இருக்கும் கருவியைக் கழற்றிவிட்டு பெல்ட்டை அலசுங்கள். கருவியை ஈர பெல்ட்டிலேயே விட்டுவைத்தால், அது இன்னும் நெஞ்சில்தான் இருக்கிறோம் என்று நினைத்து பேட்டரியைத் தின்னும்.

கேள்வி: வயது 62. 220இல் வயதைக் கழித்தால் வருவதுதான் உச்சத் துடிப்பு என்கிறார்கள், எனக்கு அது 158. நான் 165 வரை போகிறேன். ஆபத்தா சார்?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்ல முடியாது. 220 சூத்திரம் 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது, ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே குத்துமதிப்பாக இழுத்த கோடு. 2001இல் தனாகா குழு 351 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 208இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொன்னது. உங்களுக்கு அது கிட்டத்தட்ட 165. இன்னொன்று, பிபி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரியானவை துடிப்பையே அடக்கிவைக்கும், அப்போது எந்தச் சூத்திரமும் செல்லாது.

கேள்வி: எங்கள் கோச் இருபது வருடமாக 220தான் சொல்கிறார். அவருக்குத் தெரியாததா?

பதில்: நாற்பது வயதில் இரண்டுமே 180தான். அதனால் அவரிடம் வருகிறவர்கள் நாற்பதை ஒட்டியவர்கள் என்றால் தப்பே தெரிந்திருக்காது.

கேள்வி: அப்போ தனாகா கணக்கு மட்டும் சரியா?

பதில்: அதுவும் சராசரிதான். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துத் துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம். சூத்திரத்துக்காகச் சண்டை போடும் நேரத்தில், ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இதைப் பற்றி இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: சார், பட்ஜெட் ஐயாயிரம், எந்த வாட்ச்...

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: நீச்சலில் பெல்ட் வேலை செய்யுமா?

பதில்: ப்ளூடூத் தண்ணீருக்குள் சில அங்குலம்கூடப் போகாது. துடிப்பைத் தனக்குள் பதிந்துவைத்து, கரையேறியதும் அனுப்பும் பெல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சென்னை மே மாதத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு எகிறுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, வியர்வையில் தண்ணீரும் குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. வேகத்தைக் குறையுங்கள். பிபி மாத்திரைக்காரர்கள் இந்த மாதங்களில் எண்ணை நம்பி ஓடவே வேண்டாம்.

கேள்வி: மணிக்கட்டில் டாட்டூ இருக்கிறது.

பதில்: மை வெளிச்சத்தை மறைக்கும். அடுத்த கையில் கட்டுங்கள்.